வெள்ளையணு மாதிரியில் மைனஸ் செல்கள்

புற்றுநோய் மருந்துக்குப் பிறகு வெள்ளையணுக்கள் எப்படி இறங்கி ஏறும் என்று கணிக்கும் ஒரு கணித மாதிரியைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். திரையில் 'நேன்' என்று வந்தபோது நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. 'எண் அல்ல' என்பதற்குக் கணினி வைத்திருக்கும் சுருக்கம் அது. எங்கேயோ பூச்சியத்தால் வகுத்திருப்பேன், பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். மூன்று வார இறுதிகள் போயின. அதில் ஒரு கோளாறு என் கணக்குப்போடும் முறையில் இருந்தது, இன்னொன்று மாதிரிக்குள்ளேயே இருந்தது. இரண்டும் திரையில் ஒரே மாதிரி 'வளைவு சரியில்லை' என்றுதான் தெரியும். எது எது என்று பிரித்தெடுத்த விதத்தை எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்கும் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

முதலில், செய்ய நினைத்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் மருந்துகள் பலவும் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களும் வேகமாகப் பெருகுபவைதான், ஆகவே அவையும் அடி வாங்கும். மருந்து ஏற்றிய அன்றைக்கு ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும், அப்புறம் மெல்ல ஏறும். லிட்டருக்கு 100 கோடிக்குக் கீழே இறங்கினால் மூன்றாம் நிலை பாதிப்பு, 50 கோடிக்குக் கீழே என்றால் நான்காம் நிலை. எவ்வளவு ஆழம் இறங்கும், எப்போது ஏறும் என்பதைச் சமன்பாடுகளால் சொல்லப் பார்ப்பதுதான் இந்த மாதிரியின் வேலை. இனிமேல் வரும் எண்ணிக்கைகள் எல்லாம் 'லிட்டருக்கு எத்தனை நூறு கோடி' என்ற கணக்கில்.

நான் எடுத்தது 2002-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து லேனா ஃப்ரைபெர்க் குழுவினர் வெளியிட்ட மாதிரி. இந்தத் துறையில் பலரும் முதலில் கையிலெடுப்பது இதைத்தான். ஐந்து பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியில் பெருகும் செல்கள். அடுத்த மூன்றும் முதிர்ச்சிப் பெட்டிகள்; செல்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாவது பெட்டி ரத்தத்தில் சுற்றும் நியூட்ரோஃபில்கள். நாம் ஊசி குத்தி அளப்பது இந்தக் கடைசிப் பெட்டியை மட்டும்தான். மருந்து தாக்குவது முதல் பெட்டியை. நடுவில் இருக்கும் மூன்று பெட்டிகள்தான் அந்த ஒரு வாரத் தாமதத்துக்குக் காரணம்.

இதோடு ஒரு பின்னூட்டமும் உண்டு. ரத்தத்தில் எண்ணிக்கை குறைந்தால் உடல் மஜ்ஜையை விரட்டி அதிகம் உற்பத்தி செய்யச் சொல்லும். முதல் பெட்டியின் சமன்பாடு இப்படி இருக்கும்:

பெருக்கத்தின் மாற்றம் = வேகம் × பெருக்கம் × [(1 − மருந்து விளைவு) × (இயல்பு ÷ சுற்று)^காமா − 1]

'இயல்பு' என்பது மருந்துக்கு முந்தைய எண்ணிக்கை, 'சுற்று' என்பது இப்போது ரத்தத்தில் இருப்பது. காமா என்ற அடுக்கு, உடல் எவ்வளவு பதற்றமாகப் பதில் சொல்கிறது என்பதைக் காட்டும். மற்ற நான்கு பெட்டிகளுக்கும் 'வந்தது கழித்தல் போனது' என்ற எளிய கணக்கு. எல்லாப் பெட்டிக்கும் ஒரே வேகம்: முதிர்ச்சிப் பெட்டிகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, சராசரி முதிர்ச்சி நேரத்தால் வகுக்க வேண்டும். நான் இயல்பை 5 என்றும், முதிர்ச்சி நேரத்தை 125 மணி என்றும், காமாவை 0.17 என்றும் வைத்தேன். வேகம் 4 ÷ 125, அதாவது மணிக்கு 0.032.

சோதனைக்கு ஒரு கற்பனை மருந்து. ஏற்றிய கணத்தில் அதன் விளைவு 40, அரை ஆயுள் 1 மணி நேரம். 40 என்பது அதிகமாகத் தோன்றலாம். இந்த மாதிரியில் விளைவு மருந்தின் செறிவுக்கு நேர்விகிதம். ரத்தத்தில் செறிவு உச்சத்தில் இருக்கும் சில மணி நேரம் அது 1-ஐத் தாண்டிப்போவதற்குத் தடை எதுவும் இல்லை. 1-ஐத் தாண்டினால் மருந்து பெருக்கத்தை நிறுத்துவதோடு விடாமல் செல்களைக் கொல்கிறது என்று பொருள்.

சமன்பாட்டைத் தீர்க்க ஆய்லர் முறையைக் கையால் எழுதினேன். இப்போதைய மாற்ற வேகத்தைப் படியின் நீளத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவது. பள்ளிப் பையன்கூட எழுதிவிடுவான். படி 1 மணி. ஐந்து வாரக் கணக்குக்கு இது போதும் என்று நினைத்தேன். முதல் வாரம் அழகாக இறங்கிய வளைவு, இரண்டாவது வாரத்தில் அறுந்து 'நேன்' ஆனது.

கோளாறு இரண்டாவது வாரத்தில் தெரிந்ததால் இரண்டாவது வாரத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க வீண். பெட்டி வாரியாக ஒவ்வொரு படியையும் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: முதல் மணி நேரத்தின் முடிவிலேயே பெருக்கப் பெட்டியில் மைனஸ் 1.4. கணக்கு இதுதான். முதல் படியில் சுற்று இன்னும் இயல்பிலேயே இருப்பதால் பின்னூட்டம் 1. ஆகவே ஒரு படியில் பெட்டி (1 − படி × வேகம் × விளைவு) மடங்காகும். 1 × 0.032 × 40 என்பது 1.28. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் மைனஸ் 0.28. ஐந்தில் அது மைனஸ் 1.4. இருப்பதைவிட அதிகமான செல்களை ஆய்லர் கொன்றுவிட்டார்!

அந்த மைனஸ் செல்கள் ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் பெட்டி பெட்டியாக நகர்ந்திருக்கின்றன. நடுவில் ஏற்கனவே இருந்த நல்ல செல்கள் தீரும்வரை வளைவில் குறையே தெரியவில்லை. கடைசியில் சுற்றுப் பெட்டி பூச்சியத்தைத் தாண்டி மைனஸுக்குப் போனது. மைனஸ் எண்ணை 0.17 என்ற அடுக்குக்கு உயர்த்தச் சொன்னதும் கணினி கையை விரித்துவிட்டது.

இங்கே நான் செய்த தவறான பழுதுபார்ப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறர் எழுதிய நிரல்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பெட்டியும் 0.001-க்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். 'நேன்' மறைந்தது. வளைவும் இறங்கி ஏறியது. ஆனால் அந்தப் பள்ளத்தின் ஆழத்தை இப்போது மருந்து தீர்மானிக்கவில்லை, நான் விளையாட்டாகப் போட்ட 0.001 தீர்மானித்தது. 0.01 என்று மாற்றினால் வேறு பள்ளம். பூச்சியம் என்றே போட்டால் இன்னும் மோசம்: பெருக்கத்தின் மாற்றம் பெருக்கத்தோடு பெருக்கப்படுவதால், பெட்டி ஒருமுறை பூச்சியமானால் அப்புறம் எந்தப் பின்னூட்டத்தாலும் எழுந்திருக்காது. அந்த வரியை அழித்தேன்.

அடுத்து படியை அரை மணியாக்கினேன். மைனஸ் இல்லை, 'நேன்' இல்லை. சரி, முடிந்தது என்று எழுந்துவிட்டேன். மறுநாள் ஏதோ உறுத்தி, காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இந்த மருந்தின் மொத்தத் தாக்கத்தைக் கையாலேயே கணக்கிடலாம்: விளைவின் பரப்பு 40 × 1 ÷ 0.693, சுமார் 57.7. அதை 0.032-ஆல் பெருக்கினால் 1.85. அதன் எதிர் அடுக்குக்குறி மதிப்பு 0.158. அதாவது மருந்து போய் முடிந்ததும் பெருக்கப் பெட்டியில் 15.8 சதவீதம் மிஞ்ச வேண்டும். அரை மணிப் படியில் மிஞ்சியது 6 சதவீதத்துக்கும் குறைவு. 6 நிமிடப் படி வைத்தாலும் 14 சதவீதத்துக்குப் பக்கம்தான் வருகிறது. 'நேன்' வந்தபோதாவது கோளாறு இருக்கிறது என்று தெரிந்தது. அரை மணிப் படி வாயைத் திறக்காமல் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. நான் பயப்படுவது இந்த வகைத் தவறுக்குத்தான்.

சரியான தீர்வு சமன்பாட்டிலேயே இருந்தது. பெருக்கத்தின் மாற்றம் பெருக்கத்தின் மடங்கு என்பதால், பெருக்கத்துக்குப் பதில் அதன் மடக்கையை எடுத்துக்கொண்டால் போதும். கூட்டல் கழித்தல் எல்லாம் மடக்கையில் நடக்கும், திரும்ப மாற்றும்போது மைனஸ் வரவே முடியாது. கூடவே, மருந்து விளைவைப் படியின் தொடக்கத்தில் மட்டும் பார்ப்பதை நிறுத்தி அந்தப் படி முழுவதற்குமான பரப்பைக் கொடுத்தேன். இப்போது 1 மணிப் படியிலும் 0.158 கச்சிதமாக வந்தது. பள்ளம் பத்தாம் நாள் வாக்கில் 1.2. இரண்டாம் நிலை பாதிப்பு, நம்பக்கூடிய வளைவு.

பிறகு பைத்தான் மொழியின் 'சைபை' நூலகத்தில் இருக்கும் ஒரு தீர்விக்கு, அதாவது சமன்பாடு தீர்க்கும் ஆயத்த நிரலுக்கு, மாறினேன். படியின் நீளத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. அங்கே ஒரு சின்னச் சிக்கல். 21-ஆம் நாள் இரண்டாவது தவணை மருந்து கொடுத்தால் வளைவு அசையவே இல்லை. அமைதியான நாட்களில் தீர்வி தைரியமாக நீண்ட படி எடுத்துவைக்கிறது. சில மணி நேரமே இருக்கும் மருந்தை அது தாண்டியே போய்விட்டது. ஒவ்வொரு தவணை நேரத்திலும் நிறுத்தி, அங்கிருந்து புதிதாகத் தொடங்கச் செய்தால் சரியாகிவிடும். அதிகபட்சப் படிக்கு வரம்பு போடுவதும் ஒரு வழி, ஆனால் எனக்கு நிறுத்தித் தொடங்குவதுதான் பிடிக்கிறது.

இதுவரை என் பக்கத்துக் கோளாறு. மாதிரியின் கோளாறு இனிமேல்தான்.

மூன்று முதிர்ச்சிப் பெட்டிகள் போதுமா, நிஜத்தில் செல்கள் இன்னும் பல கட்டங்களைக் கடந்து வருகின்றனவே என்று தோன்றியது. பெட்டிகள் கூடினால் தாமதம் இன்னும் கூர்மையாக, நிஜத்துக்கு நெருக்கமாக வரும் என்று பத்தாக்கினேன். நிரலில் ஓர் எண்ணை மாற்றும் வேலை. வேகம் தானாக 11 ÷ 125 ஆனது. வளைவு இறங்கியது, ஏறியது, இயல்பைத் தாண்டியது, மறுபடி இறங்கியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதே கதை. ஒரே ஒரு தவணைதான் கொடுத்திருந்தேன். கணக்கை ஒரு வருடத்துக்கு ஓட்டியும் அலை அடங்கவில்லை.

சூடு கண்ட பூனையாக, இதுவும் படி நீளத்தின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். படியைப் பாதியாக்கினேன், அதே அலை. கால்வாசியாக்கினேன், தசமப் புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம்வரை அதே அலை. அதுவரை வைத்திருந்த ரங்கே-குட்டா வகைத் தீர்வியை விட்டுவிட்டு முற்றிலும் வேறு வகைத் தீர்வியைப் போட்டேன், மாற்றம் இல்லை. கணக்குப்போடும் முறையின் கோளாறாக இருந்தால் படியை மாற்றும்போது அதுவும் மாறியிருக்கும். இது மாறவில்லை என்றால் அலை சமன்பாட்டுக்குள் இருக்கிறது. பேனாவை எடுத்தேன்.

சமநிலைக்கு மிக அருகில், சின்ன விலகல்களை மட்டும் வைத்து, எல்லாவற்றையும் நேரியலாக்கிப் பார்த்தால் சமன்பாடு வியக்கத்தக்க அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வேகத்தை அலகாக வைத்து, ஐகன் மதிப்பை (விலகல் வளருமா தேயுமா, அலையுமா என்று சொல்லும் எண்) 'ல' என்று எழுதினால், மூன்று முதிர்ச்சிப் பெட்டிகளுக்கு:

ல × (ல + 1)⁴ + காமா = 0

இயல்பு எண்ணிக்கையும் முதிர்ச்சி நேரமும் காணாமல் போய்விட்டன. நிலைப்பைத் தீர்மானிப்பது காமா, பெட்டிகளின் எண்ணிக்கை, இந்த இரண்டு மட்டும். முதிர்ச்சி நேரம் அலை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைச் சொல்லுமே தவிர, அலை அடங்குமா என்பதைச் சொல்லாது.

காமா 0.082-க்குள் இருந்தால் எண்ணிக்கை குலுங்காமல் இயல்புக்குத் திரும்பும். அதைத் தாண்டினால் மூலங்கள் கலப்பெண்களாகும். இயல்பைக் கொஞ்சம் தாண்டிப்போய்ப் பிறகு அடங்கும். மருந்துக்குப் பிறகு சிலருக்கு எண்ணிக்கை இயல்பைவிட மேலே எகிறி இறங்குவதற்கு மாதிரி தரும் விளக்கம் இதுதான். எனது 0.17-க்கு ஒரு முழு அலை சுமார் 36 நாள், ஆனால் அலையின் உயரம் ஆறேழு நாளுக்கு ஒருமுறை பாதியாகிவிடுவதால் இரண்டாவது முகடு கண்ணுக்கே தெரியாது. இன்னும் ஏறி ஒரு வரம்பைத் தொட்டால் மெய்ப்பகுதி பூச்சியமாகி அலை அடங்காமல் நிற்கும். அந்த வரம்பைக் காண 'ல'-வை வெறும் கற்பனை எண்ணாகப் போட்டுக் கோணத்தைப் பார்த்தால் போதும். மொத்தப் பின்தங்கல் 180 பாகை ஆக வேண்டும். அதில் முதல் பெட்டி 90 பாகை பின்தங்கும். மீதி 90 பாகையை நான்கு பெட்டிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், ஆளுக்கு 22.5. அங்கிருந்து வரம்பு காமா 40√2 − 56 என்று வருகிறது, அதாவது 0.5685. இவ்வளவு சுத்தமான விடை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

நியூட்ரோஃபில்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காமா 0.15-இலிருந்து 0.25 வாக்கில். ஆக மூன்று பெட்டியில் வரம்பு வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் பெட்டிகளைக் கூட்டக் கூட்ட என்ன ஆகிறது என்று பாருங்கள். முதிர்ச்சிப் பெட்டி ஒன்றே ஒன்று என்றால் வரம்பு 2. இரண்டுக்கு 0.89. மூன்றுக்கு 0.57, நான்குக்கு 0.42. ஒன்பதுக்கு 0.18. பத்துக்கு 0.161. என் காமா 0.17. ஒன்பதாவது பெட்டிக்கும் பத்தாவது பெட்டிக்கும் நடுவில் நான் கோட்டைத் தாண்டியிருக்கிறேன். ஒன்பதோடு நிறுத்தியிருந்தால் அலை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே மெல்ல அடங்கியிருக்கும், நானும் கவனிக்காமல் விட்டிருப்பேன்.

பெட்டிகள் கூடினால் ஏன் இப்படி? தாமதம் கூர்மையாவது ஒரு காரணம்தான். பெரிய காரணம், எல்லாப் பெட்டிக்கும் ஒரே வேகம் என்ற விதி. பெட்டிகள் கூடும்போது நகரும் வேகத்தை உயர்த்தினால்தான் மொத்த நேரம் 125 மணியாக நிற்கும். அது நியாயம். ஆனால் அதே விதி பெருகும் வேகத்தையும் 0.032-இலிருந்து 0.088-க்கு உயர்த்திவிடுகிறது. மஜ்ஜை ஏறக்குறைய மூன்று மடங்கு அவசரமாகப் பதில் சொல்லத் தொடங்கும். பதில் போய்ச் சேரும் நேரமோ குறையவில்லை. ஷவரில் வெந்நீர் வரத் தாமதமாகும்போது குழாயை அவசரமாகத் திருகுகிறவர் கொதிநீரிலும் பனிநீரிலும் மாறி மாறிக் குளிப்பார் இல்லையா, அதே கதை.

பழுதை நீக்கப் பெருகும் வேகத்தைத் தனியாகப் பிரித்து 0.032-இலேயே நிறுத்தினேன், முதிர்ச்சிப் பெட்டிகளுக்கு மட்டும் 0.088. வரம்பு 0.44-க்கு ஏறியது, அலை அடங்கியது. பத்துப் பெட்டிகளும் இருக்கின்றன, நிலைப்பும் இருக்கிறது.

அடங்காத அலையை வெறும் கணிதக் குப்பை என்று தள்ளிவிடவும் முடியாது. சுழற்சி நியூட்ரோபீனியா என்று ஓர் அரிய பிறவிக் கோளாறு இருக்கிறது. அதில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை மருந்து எதுவும் இல்லாமலே விழுந்து எழும். மூன்று பெட்டி மாதிரியில் வரம்புக் காமாவைப் போட்டால் வரும் அலையின் நீளம் முதிர்ச்சி நேரத்தைப்போல 3.79 மடங்கு, 125 மணிக்கு அது 20 நாளுக்குச் சற்றுக் குறைவு. இந்த ஒற்றுமையை வைத்து நோயின் காரணத்தையே மாதிரி கண்டுபிடித்துவிட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை. அந்த நோயின் வேர் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றத்தில் இருக்கிறது, காமா என்ற ஒற்றை எண்ணில் இல்லை. இருந்தாலும், தாமதமும் பின்னூட்டமும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் தாமாகவே அலையும் என்ற எண்ணம் பழையது. மைக்கேல் மேக்கி, லியோன் கிளாஸ் இருவரும் 1977-லேயே இதைத் தாமதச் சமன்பாட்டால் காட்டிவிட்டார்கள்.

தினமும் விழுங்கும் மாத்திரைகளுக்கு இதே மாதிரியைப் பொருத்தும்போது இன்னொரு விஷயம் புரிந்தது. விளைவு மாறாமல் ஒரே அளவில் இருந்தால், புதிய சமநிலை என்பது இயல்பு × (1 − விளைவு)^(1 ÷ காமா). நிலைப்பு வரம்பு இம்மியும் மாறாது, மருந்தோடும் மருந்தில்லாமலும் அதே 0.5685. நிலைப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அந்த அடுக்கைப் பாருங்கள். காமா 0.17 என்றால் அடுக்கு 5.88. விளைவு 10 சதவீதம் என்றால் எண்ணிக்கை 5-இலிருந்து 2.7. 20 சதவீதம் என்றால் 1.35. 25 சதவீதம் என்றால் 0.92, மூன்றாம் நிலைக்குள் போய்விட்டது. விளைவைக் கணித்ததில் ஐந்து சதவீதப் புள்ளி பிசகினால் பாதிப்பின் நிலையே மாறுகிறது. அலை இல்லாத, நேர்த்தியாக அடங்கும் ஒரு மாதிரி இவ்வளவு நடுங்கும் விடையைத் தரும் என்பது எனக்கு உண்மையிலேயே புதிது.

இந்த நடுக்கம் தரவோடு பொருத்தும்போதும் தலைகாட்டியது. நானே உருவாக்கிய போலித் தரவில், வாரத்துக்கு ஓர் அளவீடு மட்டும் கொடுத்து அளவுருக்களைத் தேடச் சொன்னேன். தேடும் நிரல் காமாவை 0.6-க்கு மேல் கொண்டுபோய், அங்கே அடங்காத அலையில் சிக்கித் திரும்ப வரத் தெரியாமல் நின்றது. பள்ளத்துக்கு அப்பால் எகிறும் பகுதியில் அளவீடு இல்லாவிட்டால் காமாவைப் பிடித்துநிறுத்த எதுவும் இல்லை. எகிறும் நாட்களில் இரண்டு அளவீடுகளைச் சேர்த்ததும் ஒழுங்காக 0.17-க்கு அருகில் வந்தது. காமாவுக்கு 0.5685 என்று மேல்வரம்பு போடலாம்தான், நான் போடவில்லை. வரம்பை முட்டிக்கொண்டு நிற்கும் விடை, தரவு போதவில்லை என்ற செய்தியை மறைத்துவிடும். பதிலாக, தேடல் 0.5685-ஐத் தாண்டினால் எச்சரிக்கை அச்சிடும்படி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

மிச்சமிருக்கும் ஒரு வேலை கடைசிப் பெட்டி. நிஜத்தில் நியூட்ரோஃபில்கள் ரத்தத்தில் தங்குவது கொஞ்ச நேரமே, அரை ஆயுள் 7 மணி வாக்கில். மாதிரியில் அந்தப் பெட்டிக்கும் 0.032 என்றே வைத்திருப்பதால் அரை ஆயுள் 22 மணியாகிறது. அதை 7 மணியாக மாற்றிப் பார்த்தேன். மூன்று பெட்டிக்கு நிலைப்பு வரம்பு 0.57-இலிருந்து 0.72-க்கு உயர்கிறது. நல்ல செய்திதான். ஆனால் மொத்தத் தாமதம் சுருங்கிவிட்டதால் பள்ளம் முன்னாடியே வருகிறது, 125 என்ற எண்ணை மறுபடி பொருத்தியாக வேண்டும். அடுத்த வார இறுதி அதற்கு.